ஸ்க்ரூ இருந்தா திறக்கலாம்

கேமரா சர்வீஸ்ல 36 வருஷம் இருந்தேன். அதுல கடைசி பத்து வருஷம் நான் அதிகமா சொன்னது எதுன்னு கேட்டா, "இதுக்கு பார்ட்ஸ் வராதுங்க, புதுசா வாங்கிக்கங்க" அப்படிங்கறதுதான். வந்தவங்க முகம் அப்படியே சுருங்கிடும். அப்பா வாங்கிக் குடுத்த கேமராவா இருக்கும், இல்ல முதல் சம்பளத்துல வாங்கினதா இருக்கும். அதைத் துணியில சுத்தி பையில வச்சுக்கிட்டு படி இறங்கிப் போவாங்க. அன்னிக்கு பூரா எனக்கு வேலை ஓடாது.

1980ல பாரிமுனை பக்கம் ஒரு மாடி ரூம்ல இந்த வேலைக்கு உக்காந்தேன். அப்பல்லாம் வேலைக்குப் பஞ்சமே இல்ல, பர்மா பஜார்ல வாங்கினது, சிங்கப்பூர்லேருந்து மச்சான் கொண்டாந்தது, கல்யாண ஸ்டூடியோக்காரங்களோட யாஷிகா மேட், அப்புறம் பென்டாக்ஸ் கே 1000, நிக்கான் எஃப்எம்2ன்னு மேசை நிறைஞ்சு கிடக்கும். முகூர்த்த நாளுக்கு முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு ஒருத்தர் ஓடி வருவாரு, ஷட்டர் மாட்டிக்கிச்சுன்னு. விடிகாலை நாலு மணிக்கு அவருக்கு மண்டபம். ராத்திரியோட ராத்திரியா திறந்து பாத்தா பெரும்பாலும் ஒண்ணும் பெருசா இருக்காது, பழைய கிரீஸ் காய்ஞ்சு கோந்து மாதிரி ஆகி பிளேடுல ஏறியிருக்கும், துடைச்சு எடுத்து திரும்பப் பூட்டினா கிளிக்னு விழும். அந்த கிளிக் கேட்டதும் அந்த மனுஷன் மூச்சு விடுவாரு பாருங்க, அதுக்காகத்தான் அந்தத் தொழில்ல இருந்தேன்னு இப்ப தோணுது.

எஃப்எம்2 பத்தி ஒண்ணு சொல்லணும், பின்னாடி இது தேவைப்படும். 1982ல வந்த கேமரா, ஒரு நொடியில 4000ல ஒரு பங்கு நேரத்துக்கு ஷட்டர் திறந்து மூடும், அவ்வளவும் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். பேட்டரி வெளிச்சம் அளக்கற மீட்டருக்கு மட்டும். பேட்டரிய கழட்டி வீசிட்டாலும் கேமரா படம் எடுக்கும். நான் புதுப் பசங்களுக்கு பேட்டரியக் கழட்டிக் காட்டிட்டே ஷட்டரை அடிச்சுக் காட்டுவேன்.

அப்புறம் டிஜிட்டல் வந்துச்சு. நான் அதைக் குறை சொல்ல வரல, அதுலயும் எத்தனையோ பேர் நல்லா பிழைச்சாங்க. ஆனா ரிப்பேர்ங்கற வேலை மாறிப் போச்சு. திறந்தா உள்ள ஒரு போர்டு, போர்டு போயிடுச்சுன்னா போர்டையே மாத்தணும், அந்த போர்டு எங்கள மாதிரி வெளி ஆளுக்கு கிடைக்காது, கிடைச்சாலும் அந்த விலைக்கு புதுக் கேமராவே வந்துரும். 2012 ஜனவரில கோடாக் கம்பெனி திவால் மனு போட்டுச்சுன்னு பேப்பர்ல படிச்ச அன்னிக்கு கடையில நான் மட்டும்தான் இருந்தேன். அதுக்கப்புறமும் நாலு வருஷம் இழுத்துப் பிடிச்சேன். 2016ல டூல்ஸை எல்லாம் ஒரு தகரப் பொட்டியில போட்டுக்கிட்டு, நானும் வீட்டம்மாவும் மன்னார்குடி பக்கம் சொந்த ஊருக்கே வந்துட்டோம்.

டிராக்டர் எனக்கு கிடைச்சது பெரியப்பா கருமாதி அன்னிக்கு.

பெரியப்பா 1979ல வாங்கின மாஸி ஃபெர்குசன் 1035. எங்க தெருவுக்கு வந்த முதல் டிராக்டர் அதுதான். எனக்கு அப்ப இருவத்தோரு வயசு, மெட்ராஸ் போறதுக்கு முந்தின வருஷம். மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி விட்டு அது எங்க பக்கம் வந்து சேர்ற நேரத்துக்கு கேஜ் வீல் மாட்டி சேறடிக்க இறங்கிடுவாரு, வண்டிக்குப் பின்னாடி கொக்குங்க வரிசையா வரும், மட்கார்டுல ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் அண்ணன், நடுவுல அவரு. அந்த வண்டி கடைசி ஒன்பது வருஷமா கொல்லைக் கொட்டகையில கிடந்திருக்கு. கீத்து பிஞ்சு மழை நேரா வண்டி மேலயே விழுந்திருக்கு. சிவப்பு பெயின்ட் வெயில்ல வெளுத்து ரோஸ் கலராயிட்டு, டயர் ரெண்டும் மண்ணோட மண்ணா ஒட்டிக் கிடந்துச்சு. அண்ணன் காயலான் கடைக்காரர்கிட்ட பேசி முடிச்சிருந்தாரு, எடைக்குதான், கிலோ கணக்கு.

நான் சும்மாதான் கிட்டப் போனேன். சீட்டுக்கு வலது பக்கத்துல ஹைட்ராலிக் லிவர் இருக்கும், கலப்பைய ஏத்தி இறக்கறது. அதைத் தொட்டு லேசா இழுத்தேன். துரு ஏறியிருந்தும் அது வந்துச்சுங்க, ஒரே சீரா, எங்கயும் குதிக்காம, விட்ட இடத்துல நின்னுச்சு. நல்ல லென்ஸ்ல, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கற அப்பர்ச்சர் ரிங்கைத் திருப்பறப்ப விரலுக்கு ஒரு கனம் தெரியும், லூசாவும் இருக்காது டைட்டாவும் இருக்காது. முப்பத்தாறு வருஷம் அந்தக் கனத்தைத் தேடித்தான் கிரீஸ் போட்டுக்கிட்டிருந்தேன். அது இந்தத் துருப்பிடிச்ச லிவர்ல இருந்துச்சு.

"அண்ணே, இதை எடைக்குப் போடாதீங்க. அந்தக் காசை நான் தர்றேன்."

அண்ணன் என்னை ஒரு மாதிரி பாத்தாரு. "தம்பி, நீ கேமரா பாத்த ஆளு. இது டிராக்டர்டா."

"ரெண்டுலயும் ஸ்க்ரூதாண்ணே இருக்கு."

அப்ப ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். இப்ப நினைச்சா எனக்கு உள்ளுக்குள்ள இருந்தது அதுதான். செஞ்சவன் ஒரு ஸ்க்ரூ வச்சிருக்கான்னா, பின்னாடி ஒருத்தன் வந்து இதைத் திறப்பான், திறக்கணும்னு நினைச்சுத்தான் வச்சிருக்கான். பசையப் போட்டு ஒட்டினவன் அப்படி நினைக்கல. நான் என் தொழில்ல கண்ணால பாத்து நொந்த மாற்றம் ஒரே வரியில சொல்லணும்னா அவ்வளவுதான். இந்த வண்டியில பசை போட்டு ஒட்டினது எதுவுமே இல்ல. மொத்தமும் நட்டு போல்ட்டு.

வண்டிய வீட்டுக்கு இழுத்துட்டு வந்து துடைச்சப்ப பிளேட்டுல மெட்ராஸ்னு இருந்துச்சு. இந்த வண்டிய இங்க செஞ்ச டாஃபே கம்பெனி 1960ல ஆரம்பிச்சது, டிராக்டர் செஞ்சது பெரம்பூரை ஒட்டின செம்பியத்துல, எஞ்சினும் அங்கேயே சிம்ப்சன் கம்பெனில, இங்கிலாந்து பெர்கின்ஸ் கம்பெனி டிசைன்ல வந்த மூணு சிலிண்டர். நான் பெரம்பூர்ல பதினெட்டு வருஷம் வாடகை வீட்ல இருந்தவன், தினம் அந்த காம்பவுண்ட் சுவரை ஒட்டித்தான் பஸ்ல பாரிமுனைக்குப் போவேன். பெரியப்பா வண்டி பொறந்த எடம் அதுதான்னு அத்தனை வருஷமும் எனக்குத் தோணினதே இல்ல.

எஞ்சின் ஜாமாகி கிடந்துச்சு. சைலன்சர் வாய் மேல பாத்து இருக்கும்ல, மழைத்தண்ணி அது வழியா இறங்கி, அந்த நேரத்துல வால்வு திறந்திருந்த ஒரு சிலிண்டருக்குள்ள போய் பிஸ்டன் அது ஓடற லைனர் குழாயோட துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு. எங்க ஊர் பட்டறைத் தம்பிய கூட்டிட்டு வந்தேன், நாப்பது வயசு இருக்கும், டிராக்டர் வேலையில கைராசிக்காரர். அவரு மரக்கட்டைய வச்சு மேலேருந்து நாலு போடு போட்டா இறங்கிடும் சார்னாரு. எனக்கு மனசு வரல. கேமராவுல லென்ஸ் ரிங் இறுகிப் போச்சுன்னா ஒரு சொட்டு தின்னர் விட்டுட்டு மறுநாள் வரைக்கும் தொடமாட்டோம், எங்க குருநாதர் பழக்கினது அது, "நீ தூங்கு, அது வேலை செய்யும்"பாரு. அதே மாதிரி சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி இருக்கற ஹெட்டைக் கழட்டிட்டு டீசலும் ஆயிலும் கலந்து சிலிண்டருக்குள்ள ஊத்தி வச்சேன். தினம் காலையில ஃப்ளைவீல்ல கம்பிய குடுத்து லேசா நெம்பிப் பாப்பேன், வராது, விட்டுடுவேன். பதினோராவது நாள் ஒரு நூல் அளவு நகந்துச்சு. வீட்டம்மாவ சமையக்கட்டுலேருந்து கூப்பிட்டேன். "என்னங்க, விழுந்துட்டீங்களோன்னு பயந்துட்டேன்"னு ஓடி வந்தா. நகந்ததைக் காட்டினேன். அவளுக்கு ஒண்ணும் தெரியல, எனக்குத் தெரிஞ்சுது.

ஆனா எல்லா எடத்துலயும் பொறுமை மட்டும் போதாதுங்கறதையும் அந்தத் தம்பிதான் எனக்குக் கத்துக் குடுத்தாரு. பின் ஆக்ஸில்ல நாப்பது வருஷத்து நட்டு, ஒரு வாரம் ஊற வச்சும் அசையல. அவரு கேஸ் வச்சு நட்டை மட்டும் சூடு பண்ணி, ஸ்பேனர் போடறதுக்கு முன்னாடி சுத்தியால நட்டோட ஆறு பக்கத்துலயும் சின்னச் சின்னதா தட்டிக்கிட்டே வந்தாரு. "தட்டினாத்தான் சார் துரு விடும். இழுத்தா போல்ட்டு முறிஞ்சிரும்." அது முரட்டு வேலை இல்லங்க. எவ்வளவு தட்டணும் எப்ப நிறுத்தணும்னு அந்தக் கைக்குத் தெரிஞ்சிருக்கு. அன்னிலேருந்து அவரை நான் தம்பின்னு கூப்பிட்டாலும் மனசுல வாத்தியார்னுதான் வச்சிருக்கேன். என்கிட்டேருந்து அவரு எடுத்துக்கிட்டது ஒண்ணு உண்டு. பட்டறையில கழட்டின போல்ட்டை எல்லாம் ஒரே சட்டியில டீசலுக்குள்ள போடுவாங்க. நான் வெள்ளைத் துணி விரிச்சு, பென்சில்ல வண்டியோட படத்தைப் போட்டு, எந்த ஓட்டையிலேருந்து எடுத்த போல்ட்டோ அந்த எடத்துலயே வைப்பேன். கேமராவுல ஒரே மாதிரி தெரியற ரெண்டு ஸ்க்ரூல ஒண்ணு அரை மில்லிமீட்டர் நீளமா இருக்கும், மாத்திப் போட்டா உள்ள இருக்கற பல்சக்கரத்துல இடிக்கும். இப்ப அவரு பட்டறையிலயும் ஒரு வெள்ளைத் துணி இருக்கு, எப்பவோ கறுப்பாயிடுச்சு, ஆனா இருக்கு.

நான் பண்ணின தப்பையும் சொல்லிடறேன். ஹெட்டை திரும்ப மாட்டறப்ப கை பழக்கத்துல டைட் பண்ணிட்டேன். என் கைக்குத் தெரிஞ்ச டைட் ரெண்டு விரல் டைட். அதுக்கு மேல போனா ஸ்க்ரூ தலை போயிடும்னு வாழ்நாள் பூரா பயந்த கை. ஹெட் நட்டு அப்படி இல்ல, ஆளோட பாரத்தைப் போட்டு இழுக்கணும், அதுவும் எவ்வளவு இறுக்கம்னு அளந்து காட்டற டார்க் ரெஞ்ச் வச்சு, நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்கு, மூணு சுத்தா கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். பின்னாடி ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டப்ப ரேடியேட்டர் மூடியத் திறந்தா தண்ணியில முட்டை முட்டையா குமிழ் வருது. ஹெட்டுக்கு அடியில வைக்கற கேஸ்கெட் தகடு பிடிக்கல. புது கேஸ்கெட் வீணாப் போச்சு, மறுபடி எல்லாத்தையும் பிரிச்சேன். அன்னிக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல, காசுக்காக இல்ல, கை பொய் சொல்லும்னு அறுவது வயசுல தெரிஞ்சுக்கிட்டது கஷ்டமா இருந்துச்சு.

டீசல் பம்ப் மட்டும் நம்ம கையில பாக்கற வேலை இல்ல, அதுக்குத் தனிக் கடை. அதுக்குள்ள பிளஞ்சர்னு ஒரு சின்ன கம்பி, பேரல்னு அது ஓடற குழாய். ரெண்டுக்கும் நடுவுல மில்லிமீட்டர்ல ஆயிரத்துல சில பாகம்தான் இடைவெளி, தலைமுடி அதுக்கு முன்னாடி வடக்கயிறு. ரெண்டையும் ஜோடியா தேய்ச்சு செஞ்சிருப்பாங்க, ஒண்ணை எடுத்து இன்னொண்ணுல போடக் கூடாது. கேமராதான் நுணுக்கம், டிராக்டர்னா இரும்புன்னு நினைச்சிருந்தவன் நான். வண்டியிலயே நுணுக்கமான எடம் நான் தொட்ட எந்தக் கேமராவையும் விட நுணுக்கமா இருந்துச்சு. பம்ப் கடையில டெஸ்ட் பெஞ்ச்ல போட்டு ஓட்டறப்ப பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்துட்டேன். மூணு கண்ணாடிக் குழாய், மூணு சிலிண்டருக்குப் போற டீசலும் தனித்தனியா அதுல வந்து விழும். மூணுலயும் மட்டம் ஒண்ணா நிக்கணும். முதல் தடவை நடுக் குழாய் குறைச்சலா இருந்துச்சு. அந்தப் பெரியவர் நிறுத்தி, ஏதோ கடுகளவு திருப்பி, மறுபடி ஓட்டினாரு. மூணு தடவை. நாலாவது தடவை மூணு குழாய்லயும் டீசல் ஒரே கோடு போட்ட மாதிரி நின்னுச்சு. நான் ஷட்டர் ஸ்பீடு டெஸ்ட் பண்றப்ப இப்படித்தான் உக்காந்திருப்பேன், முகம்கூட அப்படித்தான் இருந்திருக்கும்.

டேப்பட் கேப், அதாவது வால்வுக்கு மேல விடற சின்ன இடைவெளி, அதை வச்சது நான்தான். குளிர்ந்த எஞ்சின்ல 12 தௌ, அதாவது இன்ச்ல ஆயிரத்துல 12 பங்கு, நம்ம கணக்குல 0.30 மில்லிமீட்டர். இடைவெளி அளக்கற ஃபீலர் கேஜ் தகடை உள்ள விட்டு இழுத்தா வெண்ணெயில கத்தி போற மாதிரி போகணும். அந்த வேலைய யாரும் எனக்கு சொல்லித் தர வேண்டியிருக்கல.

ஸ்டார்ட் பண்ணின அன்னிக்கு அண்ணன் வந்திருந்தாரு. டீசல் லைன்ல காத்து இருந்தா எஞ்சின் பிடிக்காது, காத்தை எடுக்கணும். ஃபில்டர் மேல இருக்கற ஸ்க்ரூவ லூஸ் பண்ணிட்டு கைப்பம்ப்பை அடிக்க அடிக்க முதல்ல நுரையா வரும், அப்புறம் குமிழா, அப்புறம் குமிழே இல்லாம கண்ணாடி மாதிரி. அதை மூடிட்டு பம்ப் ஸ்க்ரூ, அதுலயும் அதே மாதிரி. கடைசியா நாசில் பைப் நட்டை லூஸ் பண்ணி செல்ஃப் அடிச்சு, அங்க டீசல் துடிச்சு வந்ததும் டைட். அடுத்த செல்ஃபுக்கு ஒரு சிலிண்டர் மட்டும் டப்புன்னுச்சு. வெள்ளைப் புகை. இன்னொரு தடவை. ரெண்டு சிலிண்டர் நொண்டி நொண்டி ஓடுது, தம்பி கையக் காட்டி விடாதீங்க விடாதீங்கன்னு கத்தறாரு, திடீர்னு மூணாவதும் சேந்துக்கிச்சு. அந்த மூணு சிலிண்டர் சத்தம் இருக்கே, நாலு சிலிண்டர் வண்டி மாதிரி வழுவழுன்னு இருக்காது, ஒரு தாளம் இருக்கும், அதைக் கேட்டதும் அண்ணன் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கிட்டாரு. பெரியப்பா விடியக்காலம் கொல்லையிலேருந்து கிளம்பற சத்தம் அது.

பட்டறைத் தம்பி பேட்டரி வயரைக் கழட்டிக் காட்டினாரு. எஞ்சின் பாட்டுக்கு ஓடுது. டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் கிடையாது, அமுக்கின காத்தோட சூட்டுலயே டீசல் தீப்பிடிக்கும், ஸ்டார்ட் ஆன பிறகு அதுக்கு கரன்ட்டே வேண்டியதில்ல. நான் எஃப்எம்2வ பசங்களுக்குக் காட்டினது ஞாபகம் வந்து ரொம்ப நேரம் அந்த வயரையே பாத்துக்கிட்டு நின்னேன்.

இப்ப ஹைட்ராலிக். இதைப் பத்தி எழுதத்தான் உண்மையில உக்காந்தேன். ஹாரி ஃபெர்குசன்னு ஐரிஷ்காரர், 1884ல பொறந்தவரு, அயர்லாந்துல முதல்முதலா தானே ஏரோப்ளேன் செஞ்சு 1909 டிசம்பர் 31 அன்னிக்கு பறந்த ஆளு. அவர்தான் கலப்பைய சும்மா பின்னாடி கட்டி இழுக்காம, மூணு கம்பி வச்சு வண்டியோட ஒரே உடம்பா சேக்கற முறையக் கொண்டு வந்தது. இன்னிக்கு நம்ம ஊர்ல ஓடற எந்தக் கம்பெனி டிராக்டரா இருந்தாலும் பின்னாடி அந்த மூணு கம்பிதான் இருக்கும். கீழ ரெண்டு, மேல டாப் லிங்க் ஒண்ணு. கலப்பை மண்ணுல ஆழமா இறங்கினா டாப் லிங்க் வண்டிப் பக்கமா தள்ளும், தள்ளினா ஒரு கனமான ஸ்பிரிங் அமுங்கும், அது அமுங்கறது கம்பி வழியா சீட்டுக்கு அடியில எண்ணெய்க்குள்ள முழுகியிருக்கற பம்ப் வால்வுக்குப் போகும், வால்வு எண்ணெய விடும், கலப்பை தானா ஒரு விரக்கடை மேல வரும். மண்ணு இளகினா தானா இறங்கும். கரன்ட் இல்ல, போர்டு இல்ல. மண்ணு எவ்வளவு கெட்டின்னு அந்த ஸ்பிரிங் படிச்சு சொல்லுது. கோவென்ட்ரில செஞ்ச அவரோட சின்ன சாம்பக்கலர் வண்டி 1946லேருந்து 1956 வரைக்கும் அஞ்சு லட்சத்துக்கு மேல போயிருக்கு, எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்னிக்கு தென் துருவத்துக்குப் போய்ச் சேந்தது அந்த வண்டிங்கள்லதான், சக்கரத்துக்கு மேல பட்டை போட்டு ஓட்டிக்கிட்டு போனாங்க. பெரியப்பாவுக்கு இது எதுவும் தெரிஞ்சிருக்காது. ஆனா அவரு உழுதுக்கிட்டே பின்னாடி திரும்பிப் பாக்காம, முதுகுலயே கலப்பை ஆழம் தெரியற மாதிரி உக்காந்திருப்பாரு.

நம்ம வண்டியில கியருக்கும் பின் ஆக்ஸிலுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய். அதைத் திறந்து விட்டப்ப பால் ஊத்தின டீ மாதிரி வந்துச்சு. சேத்துல ஓடின வண்டி, சீல் வழியா தண்ணி உள்ள போயிருக்கு. லிஃப்ட் பம்ப்பை மேல தூக்கி பிரிச்சா கண்ட்ரோல் வால்வுல மெல்லிசா கீறல். லென்ஸ் பாக்கற லூப், அதான் பூதக்கண்ணாடி, அதைக் கண்ணுல மாட்டிக்கிட்டு அந்தக் கீறலைப் பாத்தேன். வேற வால்வு போட்டு, எண்ணெய ரெண்டு தடவை மாத்தி, சீல் எல்லாம் புதுசு போட்டு மாட்டியிருக்கேன்.

பெயின்ட் விஷயத்துல வீட்ல எல்லாருக்கும் என் மேல வருத்தம். பளபளன்னு அடிச்சு ஆயுத பூஜைக்கு நிறுத்தலாம்னு அண்ணன் பேரனுக்கு ஆசை. டேஷ்போர்டு தகட்டைக் கழட்டினப்ப அதுக்கு அடியில வெயிலே படாத பழைய சிவப்பு ஒரு உள்ளங்கை அளவுக்கு இருந்துச்சு, அந்தக் கலரை வச்சே கலந்து பானெட்டுக்கு அடிச்சேன், அது துருப்பிடிச்சிருந்துச்சு, அடிக்காம விட்டா ஓட்டை விழுந்துடும். மட்கார்டைத் தொடல. கறுப்புக் கேமரா வருஷக்கணக்கா ஒருத்தர் கையில இருந்தா, விரல் படற எடத்துல மட்டும் கறுப்பு தேய்ஞ்சு உள்ள பித்தளை தெரியும். அதை மறைச்சு பெயின்ட் அடிச்சுக் குடுக்கச் சொல்லி வந்தவங்களையும் பாத்திருக்கேன், அப்படியே விடுங்கன்னு கெஞ்சினவங்களையும் பாத்திருக்கேன். நான் எப்பவும் ரெண்டாவது கட்சி. ரெண்டு மட்கார்டுலயும் நாங்க உக்காந்த எடத்துல பெயின்ட் போய் தகடு வழவழன்னு இருக்கு. வலது பக்கம் அண்ணன், இடது பக்கம் நான். துரு ஏறாம இருக்க எண்ணெய் மட்டும் தொட்டு வச்சிருக்கேன்.

நேத்து சாயங்காலம் ஒன்பது கொத்து கலப்பைய மாட்டி, லிஃப்ட்டை முழுசா தூக்கி, எஞ்சினை நிறுத்திட்டு, கலப்பை நுனி நிக்கற உயரத்துக்கு பக்கத்துச் சுவத்துல சாக்பீஸ்ல கோடு போட்டேன். வால்வு நல்லா பிடிச்சா கலப்பை கொஞ்ச நேரமாவது அந்தக் கோட்டுலயே நிக்கணும். ஏழு மணிக்குப் பாத்தேன், கோட்டுல நிக்குது. சாப்பிட்டுட்டு எட்டரைக்கு டார்ச் அடிச்சுப் பாத்தேன், நிக்குது. பத்து மணிக்கு ரெண்டு விரக்கடை இறங்கியிருந்துச்சு. பட்டறைத் தம்பிக்கு போன் போட்டேன். "ரெண்டு விரக்கடைதான சார், இந்த வயசு வண்டிக்கு இது போதும், வயல்ல இறக்குங்க"ங்கறாரு.

காலையில சீட்டைக் கழட்டிட்டேன். வெள்ளைத் துணி விரிச்சாச்சு.